கிட்ஹப் கணக்குக்கு இரண்டாவது பூட்டு ஏன்?

2018 ஜூலை 12. 'இஎஸ்லின்ட்-ஸ்கோப்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பின் புதிய பதிப்பு, அத்தகைய தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் தளத்தில் வெளியானது. வெளியிட்டவர் அதன் பராமரிப்பாளர் அல்ல, அவருடைய கணக்குக்குள் புகுந்த வேறொருவர். அதை நிறுவியவர்களின் கணினியிலிருந்து என்பிஎம் டோக்கன்கள் (கடவுச்சொல்லுக்குப் பதிலான நுழைவுச் சாவிகள்) திருடப்பட்டன. பராமரிப்பாளர் ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்தியதும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு வைக்காததும் பின்னர் தெரியவந்தன.

வங்கிக் கணக்கு பறிபோனால் நஷ்டம் கணக்குக்காரருக்கு. டெவலப்பர் கணக்கு பறிபோனால், அவர் எழுதிய நிரலை நம்பி நிறுவிய முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் நஷ்டம். அதனால்தான் இருபடிச் சரிபார்ப்பை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் தளங்கள் கட்டாயமாக்கின. நிரல் பங்களிப்போர் அனைவரும் 2023 முடிவதற்குள் இதற்கு மாற வேண்டும் என்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2022 மே மாதம் அறிவித்தது. பைத்தான் தொகுப்புகளுக்கான பைபிஐ 2024 ஜனவரி 1 முதல் இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

எந்த வழி நல்லது?

கிட்ஹப்பில் கணக்கு தொடங்கி மின்னஞ்சலை உறுதிசெய்ததும், செட்டிங்ஸில் கடவுச்சொல் பகுதிக்குப் போனால் இதற்கான வசதி இருக்கும். வழிகள் பல, பலம் ஒன்றல்ல.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி நமக்குப் பழகியது. ஆனால், உங்கள் எண்ணுக்கு மோசடியாக வேறு சிம் வாங்குபவர் கைக்கு அதுவும் போய்விடும்.

ஆதென்டிகேட்டர் செயலி அதைவிட மேல். கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசிய எண் செயலியில் பதிவாகிறது. தளத்திடமும் அதே எண் இருக்கிறது. அதையும் கடிகார நேரத்தையும் வைத்து இரு பக்கமும் 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே ஆறு இலக்க எண்ணைக் கணக்கிடுகின்றன. சிக்னலோ இணையமோ தேவையில்லை. போன் கடிகாரம் சரியாக ஓடினால் போதும்.

இதிலும் ஓட்டை உண்டு. 2025 செப்டம்பரில், என்பிஎம் தளத்தின் பெயரைப் போன்ற போலி முகவரியிலிருந்து ஒரு பராமரிப்பாளருக்கு மின்னஞ்சல் வந்தது. அதை நம்பி அவர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லோடு இரண்டாம் படிக் குறியீட்டையும் கொடுத்துவிட்டார். சாக், டீபக் உள்ளிட்ட தொகுப்புகளில் நச்சு நிரல் ஏறியது. அவற்றின் மொத்தப் பதிவிறக்கம் வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல்!

இந்த ஏமாற்று பலிக்காத இடம், போனிலோ கணினியிலோ சேமிக்கப்படும் நுழைவுச் சாவியான பாஸ்கீயும், யூஎஸ்பி வடிவப் பாதுகாப்புச் சாவியும். இவை எந்தத் தள முகவரிக்காகப் பதிவாயினவோ அங்கு மட்டுமே வேலை செய்யும். மனிதக் கண் ஏமாந்தாலும் போலி முகவரிக்கு இவை பதில் சொல்லாது. உங்கள் போன் பாஸ்கீயை ஏற்குமானால் அதையே முதல் தேர்வாகக் கொள்ளுங்கள்.

போன் தொலைந்தால்?

அப்போது கணக்குக்குள் நுழைய உதவுபவை மீட்புக் குறியீடுகள். பலர் அவசரத்தில் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். கிட்ஹப் தருபவை 16; ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். செயலி இருக்கும் போனிலேயே அவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால், போன் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். அச்செடுத்தோ, கடவுச்சொல் மேலாளரிலோ தனியே வையுங்கள். இரண்டாவதாக ஒரு சாதனத்தையும் பதிவுசெய்யுங்கள். எல்லா வழியும் அடைபட்டால் கணக்கைத் திரும்பப் பெற முடியாமலே போகலாம்.

டோக்கனை மறக்க வேண்டாம்

கணினியிலிருந்து நிரலை கிட்ஹப்புக்கு அனுப்ப 2021 ஆகஸ்ட் 13 முதல் கடவுச்சொல் செல்லாது. டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் சாவி வேண்டும். டோக்கன் வைத்திருப்பவரிடம் ஆறு இலக்க எண்ணை யாரும் கேட்பதில்லை. எனவே, தேவையான ரெப்போவுக்கு (நிரல் களஞ்சியத்துக்கு) மட்டும் அனுமதி கொடுத்து, காலாவதித் தேதியோடு டோக்கனை உருவாக்குங்கள். நிரலுக்குள் அதை எழுதி பொதுவெளியில் ஏற்றிவிட்டால், அழித்தாலும் பழைய பதிப்பில் இருக்கும். உடனே ரத்து செய்வதுதான் தீர்வு.