பழைய இதழில் வந்த கட்டுரையைத் தேடுவது எப்படி?

நூலகக் கணினியில் கட்டுரையின் தலைப்பை அடித்தால் ஒன்றும் வரவில்லையா? வராதுதான். நூற்பட்டியலுக்கு இதழின் பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே யார் என்ன எழுதினார் என்பது தெரியாது. அதைச் சொல்வது அடைவு (எந்தக் கட்டுரை எந்த இதழில், எத்தனையாம் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல்). முதலில் அடைவைப் பாருங்கள், பிறகு நூற்பட்டியலுக்குப் போங்கள்.

அடைவு எங்கே கிடைக்கும்? ஈழத்து இதழ்களுக்கு 'நூலகம்' என்னும் இணையதளம் இருக்கிறது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யை அங்கே திறந்து பாருங்கள். ஒவ்வொரு இதழுக்கும் கீழே கட்டுரைத் தலைப்புகளையும் எழுதியவர் பெயர்களையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஆங்கில ஆய்விதழ்களுக்கு ஜேஸ்டோர் இணையதளம் உண்டு. ஆனால் பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் அதில் இருக்காது. தமிழ்நாட்டு இதழ்களுக்குப் பொதுவான ஒரே அடைவு கிடையாது. ஆய்வாளர்கள் தனித்தனி இதழுக்குத் தொகுத்த அடைவுகள் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள்.

எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவது? பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அமெரிக்க நூலகப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்கும்; 'ச'வுக்கு அவர்கள் போடுவது ஆங்கில 'சி'. 'சுதேசமித்திரன்' நாளிதழை 'எஸ்' போட்டுத் தேடினால் அகப்படாமல் போகலாம்.

ஸ்கேன் செய்த பக்கங்களில் வேறு வம்பு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை வைத்த பழைய வடிவம் இருக்கும். ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அதைத் தப்பாகப் படித்துவிடலாம். 'கலை' என்று தேடிக் கிடைக்காவிட்டால் 'நாடகம்', 'சிற்பம்' என்று அந்த எழுத்துகள் இல்லாத சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

குறிப்பில் 'ஸ்ரீமுக வருஷம், மாசி' என்று மட்டும் இருந்தால்? ஸ்ரீமுக 1933 ஏப்ரல் நடுவில் பிறந்தது. எனவே அதன் மாசி 1934 பிப்ரவரி, மார்ச்சில் வரும். 1933ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்டு வாங்கினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

விவரம் கிடைத்துவிட்டது, இதழ் எங்கே? சென்னையில் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம் இரண்டிலும் முதலில் விசாரியுங்கள். இதழ், ஆண்டு, மாதம், பக்கம் நான்கையும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பைண்டு செய்யும்போது அட்டையைக் கழற்றிவிடுவது வழக்கம் (பாவிகள்!), இதழ் எண்ணும் அதோடு போயிருக்கலாம். அப்போது மாதமும் பக்கமும்தான் கைகொடுக்கும். பழைய தாள் நொறுங்கும் என்பதால் ஜெராக்ஸ் மறுக்கப்படலாம். செல்போனில் படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.