நர்சிங் படிக்கும் மகளுக்கு நேரம் ஒதுக்குவோம்



"பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் சேரப்போறா, குழுவுல கடன் கிடைக்குமா?" என்று மண்டபத்தூர் கூட்டங்களில் கேட்கிறீர்கள். பணத்தோடு நேரத்தையும் கணக்குப் போட வேண்டும்.

இது 4 வருடப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 விதிப்படி 8 செமஸ்டர். ஒரு செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், சமூகவியல், ஆங்கிலம், நர்சிங் அடிப்படை எல்லாம் வந்துவிடும்.

பாட அளவை கிரெடிட் என்பார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பில் 20 மணி நேரம், செய்முறைக் கூடத்தில் 40, ஆஸ்பத்திரி வார்டில் 80. ஆக, நேரம் அதிகம் பிடிப்பது வார்டு பயிற்சிதான்.

பரீட்சை எழுத வகுப்பிலும் செய்முறையிலும் தனித்தனியாக 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் வார்டு பயிற்சியை 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம். விட்ட நாளைப் பிறகு ஈடுசெய்தே ஆகணும். எனவே, "மாங்கனித் திருவிழாவுக்கு நாலு நாள் வந்துட்டுப் போ" என்று கூப்பிடும் முன் வார்டு அட்டவணையைக் கேளுங்கள். கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பில் வாரம் 48 மணி நேரம் வேலை இருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

* செமஸ்டர் தொடங்கியதும் அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.
* வார்டு நாளில் ஒரு மணி நேரம், மற்ற நாளில் இரண்டு மணி நேரம் படிக்கட்டும். பரீட்சை சமயத்தில் மொத்தமாகப் படிக்க முடியாது.
* வீட்டிலிருந்து போய்வரும் பெண்ணுக்குச் சமையல், பாத்திர வேலையைக் குறையுங்கள்.

மகன் படிக்கும்போது குடம் தூக்கச் சொன்னோமா? மகளுக்கும் அந்த நேரத்தைக் கொடுப்போம்.