இறுதிக்கால வாக்கும் அதற்குத் தம்மையே பொருளாகக் கொண்டாரும்

காலம் சுழல்வது என்பது ஒரு கொள்கை. காலம் ஒருமுறை தொடங்கி ஒருமுறையே முடிவது என்பது மற்றொரு கொள்கை. முன்னையது பாரத நாட்டுச் சமயங்கள் தழுவியது. பின்னையது யூதம், கிறித்தவம், இசுலாம் என்னும் சமயங்கள் தழுவியது. ஆயினும், தீமை மலிந்த காலத்தின் இறுதியில் தெய்வ ஆற்றல் வெளிப்பட்டு அறத்தை நிலைநாட்டும் என்னும் நம்பிக்கை இருதிறத்தார்க்கும் பொதுவாகும். இந்நம்பிக்கையைக் கூறும் பழைய நூல்களைப் பிற்காலத்தார் படிக்குமிடத்து வியக்கத்தக்க ஒன்று நிகழ்கின்றது. நூலோ பன்னூறாண்டுகட்கு முற்பட்டது. அதன் சொல்லோ மறைபொருளாய் அமைந்தது. எனினும் படிப்போர், ‘இஃது எம்மையே குறித்தது, எம் காலமே இறுதிக்காலம், எம் பகைவரே ஆண்டுக் கூறப்பட்ட பகைவர்’ எனத் துணிகின்றனர். ஒரு குழுவினர் மட்டுமன்று. வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த பல குழுவினர் ஒரே நூலைக் கையிற்கொண்டு இவ்வாறு துணிந்துள்ளனர். இத்துணிவு எவ்வாறு பிறக்கின்றது, அது பொய்த்தவிடத்து யாது நிகழ்கின்றது என்பன ஆராயத்தக்கன.

இதற்குத் தானியேல் நூல் சிறந்த சான்றாகும். யூதரின் திருமறையிலும் கிறித்தவரின் பழைய ஏற்பாட்டிலும் இடம்பெற்ற இந்நூலின் இரண்டாம் அதிகாரம், பாபிலோன் மன்னன் நெபுகாத்நேச்சார் கண்ட கனவொன்றைக் கூறுகின்றது. தலை பொன்னாலும், மார்பும் புயங்களும் வெள்ளியாலும், வயிறும் தொடைகளும் வெண்கலத்தாலும், கால்கள் இரும்பாலும், பாதங்கள் இரும்பும் களிமண்ணும் கலந்தும் அமைந்த பெருஞ்சிலையொன்று தோன்றுகின்றது. கைபடாது பெயர்ந்த கல்லொன்று மோதி அதனைத் தூளாக்குகின்றது. அடுத்தடுத்து வரும் நான்கு அரசுகளையும், அவை அழிந்தபின் என்றும் நிலைபெறும் இறையரசையும் அக்கனவு குறிக்கும் என்பது நூலே தரும் விளக்கம். ஏழாம் அதிகாரத்தில் அந்நான்கு அரசுகளும் நான்கு விலங்குகளாய் வருகின்றன. நான்காம் விலங்குக்குப் பத்துக் கொம்புகள். அவற்றிடையே முளைத்த சிறு கொம்பொன்று இறையடியாரைத் துன்புறுத்துகின்றது.

கதை நிகழுங்காலம் கி. மு. ஆறாம் நூற்றாண்டு. அக்காலத்துத் தானியேலே இதனை எழுதினார் என்பது மரபு. ஆயின், சீரிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யெருசலேம் ஆலயத்தை மாசுபடுத்தி யூதரின் சமய ஒழுக்கங்களைத் தடைசெய்த கி. மு. 167ஆம் ஆண்டையடுத்த காலத்திலேயே நூல் இன்றைய வடிவைப் பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் முடிபு. அவர் கருத்துப்படி நான்காம் அரசு கிரேக்கருடையது. சிறு கொம்பு அந்தியோக்கஸ். கி. பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்னும் தத்துவ ஆசிரியர் இக்கருத்தினை உரைத்துள்ளார். எனவே துன்புற்ற மக்களுக்கு, ‘இத்துன்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு’ எனக் கூறி அவரைத் தாங்கியமையே இந்நூல் ஆற்றிய முதற்பணி. நூலின் இறுதியில் 1290 நாள் என ஓர் எல்லையும், அடுத்த வசனத்திலேயே 1335 நாள் என வேறோர் எல்லையும் காணப்படுகின்றன. முதலெல்லை கடந்தபின் இரண்டாவது சேர்க்கப்பட்டதுபோலும் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர்.

அந்தியோக்கஸ் இறந்தான், கி. மு. 164இல் ஆலயம் மீண்டும் தூய்மை பெற்றது. ஆயினும் உலகம் முடியவில்லை. கிரேக்கருக்குப்பின் உரோமர் வந்தனர். கி. பி. 70இல் அவர்கள் யெருசலேம் ஆலயத்தை அழித்தனர். அவ்வழிவுக்குச் சில பத்தாண்டுகளின் பின் எழுந்த நான்காம் எஸ்றா என்னும் நூல், கடலினின்று எழும் கழுகொன்றைக் காட்டி, தானியேல் கண்ட நான்காம் அரசே இஃது என்கின்றது. அம்மட்டோடு அமையாது, தானியேலுக்கு இப்பொருள் இவ்வாறு விளக்கப்படவில்லை என்றும் வெளிப்படையாகக் கூறுகின்றது. முன்னைய பொருளை மறுக்காமலே அதனை மாற்றியமைக்கும் வழி இதனால் திறந்தது. வாக்கு உரைத்தவரிலும் அதனைப் பின்னர்ப் படிப்பவரே அதன் பொருளை நன்கறிவர் என்னும் கொள்கை இங்கே நிலைபெற்றது.

இக்கொள்கையின் தெளிவான வடிவத்தைச் சாக்கடற்கரையிற் காணலாம். 1947இல் கும்ரான் என்னுமிடத்துக் குகையொன்றிற் கிடைத்த பழைய தோற்சுருள்களுள் ஆபகூக் நூலுக்கு எழுதப்பட்ட விளக்கமும் ஒன்று. ஆபகூக் என்னும் தீர்க்கதரிசி தம் காலத்துக் கல்தேயரைப் பற்றிப் பேசியவர். விளக்கம் எழுதியவரோ கல்தேயர் என்ற சொல்லுக்குக் கித்தீம் எனப் பொருள் கூறுகின்றார். கித்தீம் என்போர் உரோமர் என்பது அறிஞர் துணிபு. நீதிமான் என்று வருமிடத்துத் தம் குழுவின் தலைவராகிய ‘நீதியின் ஆசான்’ எனவும், தீயோன் என்று வருமிடத்து அவரைத் துன்புறுத்திய ‘தீய குரு’ எனவும் உரைக்கின்றார். இறுதித் தலைமுறைக்கு நிகழ்வதை எழுதுமாறு கடவுள் ஆபகூக்குக்குக் கட்டளையிட்டாராயினும், காலம் நிறைவுறும் வகையை அவருக்கு அறிவித்திலர்; அம்மறைபொருளை நீதியின் ஆசானுக்கே அறிவித்தார் என்பது அக்குழுவினர் கொள்கை.

தமிழ் உரைமரபிற் பயின்றோர்க்கு இதன் வேறுபாடு எளிதிற் புலனாகும். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் நூலாசிரியன் கருதிய பொருள் யாது என்றே வினவினர். விடையில் வேறுபட்டனராயினும் வினாவில் வேறுபட்டிலர். கும்ரான் உரையாசிரியரோ நூலாசிரியனே அறியாத பொருளைத் தாம் அறிந்ததாகக் கொள்கின்றார். முன்னது நூலைப் படித்தல். பின்னது நூலிலே தம்மைப் படித்தல். இவ்வாறு பொருள் கொள்வோரை நூலின் சொற்கொண்டு மறுத்தல் இயலாது. சொல்லின் நேர்ப்பொருள் தமக்கு முற்பட்டார்க்குரியது என அவர்கள் முன்னரே விலக்கிவிட்டனராதலின்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இம்முறை அரசியலாக மாறியது. 1649 ஜனவரி 30ஆந் திகதி முதலாம் சார்ல்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டான். ‘ஐந்தாம் அரசினர்’ எனப் பெயர் பெற்ற கூட்டத்தினர், நான்காம் அரசின் கடைசிக் கொம்பு வீழ்ந்தது என்றும், இயேசுவின் ஐந்தாம் அரசு இனி இங்கிலாந்திலே தொடங்கும் என்றும் நம்பினர். படைத்தலைவராகிய தோமஸ் ஹரிசன் அவருள் ஒருவர். 1653 ஜூலையில் இறைபக்தி மிக்கோர் எனத் தெரிந்தெடுக்கப்பட்டவரைக் கொண்ட மன்றம் கூடியபோது அவர்தம் நம்பிக்கை உச்சநிலை அடைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அம்மன்றம் கலைந்தது. ஒலிவர் குரொம்வெல் காவலராகப் பதவியேற்றார். உடனே கூட்டத்தினர் பலர்க்குச் சிறு கொம்பு குரொம்வெல் ஆயிற்று. நேற்று இறைவனின் கருவியாக இருந்தவர் இன்று விலங்கின் கொம்பானார். நூலில் ஓரெழுத்தும் மாறவில்லை. மன்னராட்சி மீண்டபின், 1661 ஜனவரியில், மரப்பீப்பாய் செய்யுந் தொழிலினரான தோமஸ் வென்னர் ஏறத்தாழ ஐம்பது பேருடன் இலண்டன் வீதிகளில் ஆயுதம் ஏந்தி எழுந்தார். எழுச்சி சில நாட்களில் அடங்கியது. இருதரப்பிலும் உயிர்கள் அழிந்தன, வென்னர் தூக்கிலிடப்பட்டார். அவ்வெழுச்சியிற் சேராத பிற சமயப் பிரிவினரும் அதன் பயனாகச் சிறைப்பட்டனர்.

வாள் எடாது கணக்கெடுத்தவர் அமெரிக்கராகிய வில்லியம் மில்லர். 1782இற் பிறந்த இவர் நியூயோர்க் மாநிலத்து விவசாயி. 1812ஆம் ஆண்டுப் போரிற் பணிபுரிந்தவர். தானியேல் நூலின் எட்டாம் அதிகாரத்தில், 2300 நாட் கழிந்தபின் திருத்தலம் தூய்மை பெறும் என்றொரு வாக்கு உண்டு. ஒரு நாள் ஓராண்டைக் குறிக்கும் என்றும், திருத்தலம் இப்பூவுலகம் என்றும், அதனைத் தூய்மை செய்வது இயேசுவின் மறுவருகை என்றும் மில்லர் கொண்டார். பாரசீக மன்னன் அர்தசஷ்டா கட்டளை பிறப்பித்த கி. மு. 457இலிருந்து எண்ணியபோது 1843 என்னும் ஆண்டு கிடைத்தது. பல்லாயிரக்கணக்கானோர் இதனை நம்பினர்.

குறித்த காலம் 1844 மார்ச்சில் கழிந்தது. பின்னர்ச் சாமுவேல் ஸ்னோ என்பவர் 1844 ஒக்டோபர் 22ஆந் திகதியைக் குறித்தார். சிலர் விளைந்த பயிரை அறுவடை செய்யாது விட்டனர். சிலர் கடைகளை மூடினர். சிலர் பழைய கடன்களைத் தீர்த்துப் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டனர். வெள்ளாடை புனைந்து கூரைமேல் ஏறி நின்றனர் என்பது பகைவர் கட்டிய கதை. அவர்கள் வீடுகளிலும் கூடங்களிலும் அமர்ந்து வேண்டுதல் செய்தனர். பொழுது விடிந்தது. கண்ணீர் விட்டழுததைப் பின்னாளில் அவருள் ஒருவரான ஹைரம் எட்சன் எழுதிவைத்தார். வரலாற்றில் அந்நாளுக்குப் ‘பெரும் ஏமாற்றம்’ என்பதே பெயராயிற்று.

அன்று காலையிலேயே எட்சனுக்கு ஒரு விளக்கம் தோன்றியது. நாட் கணக்குப் பிழையன்று. திருத்தலம் என்பது பூமியன்று, அது விண்ணுலகில் உள்ளது. அங்கே அந்நாளிற் புதியதொரு பணி தொடங்கியது என்பதே அது. மில்லர் தம் கணக்கிற் பிழையுண்டென ஒப்புக்கொண்டு, நம்பிக்கையை விடாது 1849இல் மறைந்தார். பலர் இயக்கத்தை விட்டகன்றனர். எஞ்சியவருள் ஒரு சாராரிடையே வளர்ந்ததே 1863இல் அமைப்புற்ற ஏழாம்நாள் அட்வென்டிஸ்த் திருச்சபை. இன்று உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட அங்கத்தவரையும், பல பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் அது கொண்டுள்ளது. பொய்த்த வாக்கு குழுவை அழித்தே தீரும் என எண்ணுதல் தவறு என்பதற்கு இதுவே சான்று. 1956இல் லியோன் பெஸ்டிங்கர் முதலிய உளவியலறிஞர், வாக்குப் பொய்த்தபின் நம்பினோர் முன்னிலும் ஊக்கமாகப் பரப்புரை செய்வர் எனக் கூறினர். அஃது எவ்விடத்தும் பொருந்தும் விதியன்று எனப் பின்வந்தோர் காட்டினர். ஆயினும் பொருளை மாற்றி வாக்கைக் காத்தல் பரவலாகக் காணப்படும் செயலே.

ஈண்டு ஓர் ஒற்றுமை கருதத்தக்கது. தரிசனத்தைப் பலகைகளில் தெளிவாக எழுதுமாறும், அது தாமதிப்பினும் காத்திருக்குமாறும் கூறும் பகுதியொன்று ஆபகூக் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் உண்டு. மில்லரைச் சார்ந்தோர் 1842இல் விலங்குகளையும் ஆண்டுக் கணக்கையும் தீட்டிய பெரும்படமொன்றை வெளியிட்டபோது, பலகையில் எழுதுக என்ற கட்டளை தம்மால் நிறைவேறியது என்றனர். காலங் கடந்தபோது, தாமதமும் அங்கேயே சொல்லப்பட்டதன்றோ என்றனர். கும்ரான் குழுவினரும் அதே வசனத்தைக் கொண்டே, இறுதிக்காலம் தீர்க்கதரிசிகள் கூறியதினும் நீளும் என எழுதித் தம்மைத் தேற்றிக்கொண்டனர். அவ்விளக்கச் சுருள் குகையிருளிற் கிடந்தமையால் மில்லர் குழுவினர் அதனைக் கண்டாரல்லர். ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் இடையிட்ட இருவர், ஒருவரையொருவர் அறியாது, ஒரே ஏமாற்றத்துக்கு ஒரே வசனத்தில் மருந்து கண்டனர்.

இஃது ஒரு சமயத்தார்க்கே உரிய இயல்பு எனக் கொள்ளலாகாது. சீன நாட்டில் வூ செதியன் என்னும் அரசி 690இல் அரியணை ஏறியபோது, அவரே வரவிருந்த மைத்திரேயர் எனப் பௌத்த நூலொன்றுக்கு உரை வகுக்கப்பட்டது. சூடான் நாட்டில் முகம்மது அகமது என்பார் 1881இல் தம்மை மகுதி என அறிவித்தார். 1885இல் அவர் படை கார்ட்டூம் நகரைக் கைப்பற்றியது. தமிழகத்தின் தென்கோடியிலும் இதனைக் காணலாம். திருவிதாங்கூர் ஆட்சியில் வரிச்சுமையாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்த மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைகுண்டர் தோன்றினார். அவர்வழி எழுந்த அகிலத்திரட்டு அம்மானை, கலியுகத்தின் அழிவையும் தருமயுகத்தின் வருகையையும் கூறுமிடத்து, கலி நீசன் எனத் திருவிதாங்கூர் மன்னனையே சுட்டுகின்றது. கலியுகத்துக்குச் சைவரும் வைணவரும் கேட்டறிந்த கணக்கு 4,32,000 ஆண்டுகள். கி. மு. 3102இல் அது தொடங்கியது எனின், நாலு இலட்சத்து இருபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் இன்னும் எஞ்சியுள்ளன. எனினும், ‘கலி முற்றிவிட்டது’ என்னும் சொல்லை ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக்கே உரியதாக வழங்குகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று காரணங்கள் புலனாகின்றன. முதலாவது, வாக்கின் நடை. விலங்கு, கொம்பு, எண் என்பன பெயரில்லா அடையாளங்கள். எக்காலத்தவரும் அவற்றுட் புகலாம். இரண்டாவது, படிப்போர் நிலை. தம் துன்பத்தினும் பெரிய துன்பம் இல்லையென்பது துன்புறுவோர்க்கு இயல்பான எண்ணம். உலக வரலாறு முழுவதும் தம்மை நோக்கியே நடந்துவந்தது என்னும் எண்ணம் அத்துன்பத்துக்கு மதிப்பளிக்கின்றது. மூன்றாவது, திருத்தும் வாய்ப்பு. தொடக்க ஆண்டை மாற்றலாம். கொம்பின் பெயரை மாற்றலாம். நிகழ்ச்சியை மண்ணிலிருந்து விண்ணுக்கு மாற்றலாம். ஆதலின் எந்நிகழ்ச்சியும் அதனைப் பொய்ப்பிப்பதில்லை. எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் அடையாளம் எந்த ஒரு காலத்துக்கும் சான்றாகாது என்பது அளவை நூல் கற்றோர் அறிந்ததே.

ஆயினும், இவ்வாறு நம்பினோரை அறிவிலிகள் என நகைத்து ஒதுக்குதல் கல்விக்கு அழகன்று. எங்கோ எழுதப்பட்ட நூலொன்றில் தமக்கும் ஓரிடம் உண்டு என அறிந்ததே, இழிவுபடுத்தப்பட்ட மக்கள் பலரைத் தலைநிமிரச் செய்தது. வைகுண்டரைப் பின்பற்றியோர் பெற்ற தன்மதிப்பு அத்தகையது. கேடு வருவது மற்றொரு வழியாலாம். தம்மை நூலில் வரும் அடியாராகக் கண்டவர், எதிரில் நிற்பவரை நூலில் வரும் விலங்காகக் காணுதல் எளிது. மனிதனோடு வழக்காடலாம், உடன்படலாம், மன்னிக்கவுஞ் செய்யலாம். விலங்கின் கொம்போடு பேசுவதற்கு ஒன்றுமில்லை, அது முறிக்கப்படவேண்டியதே. இலண்டன் வீதியில் வென்னர் வாளெடுத்தது இத்தருக்கத்தின் முடிவிலேயாம். ஒக்டோபர் இருபத்திரண்டை எதிர்பார்த்துக் கடன் தீர்த்து மன்னிப்புக் கேட்டவர்களோ, கணக்கிற் பிழைத்தும் ஒழுக்கத்திற் பிழைத்திலர். இறுதிக்கால வாக்கொன்றைக் கொண்டாடும் குழுவை அளக்குங்கால், அவர் குறித்த நாள் வந்ததா என வினவுவதோடு அமையாது, அந்நாளை எதிர்நோக்கி அவர் அயலானை எவ்வாறு நடத்தினர் என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினாவுக்கு விடை காலத்தின் கையில் உள்ளது; இரண்டாம் வினாவுக்கு விடை அவர்தம் கையிலேயே உள்ளது.