பிரியும் வேளையில் ஒரு விருந்து

பிரிவு என்றாலே துயரம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஐரோப்பிய மாணவர் விடுதிகளிலோ பிரிவுக்கும் விருந்துண்டு. அயல்நாட்டில் ஓர் அரையாண்டோ ஓராண்டோ பயின்று முடித்தவர்கள், ஊர் திரும்புமுன் பொதுச் சமையலறையில் ஒன்றுகூடுகின்றனர். இஸ்பானிய மாணவி உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்து அடை சுடுகிறாள். இத்தாலிய மாணவன் பாஸ்தா சமைக்கிறான். போலந்துத் தோழி பியரோகி என்னும் கொழுக்கட்டையைப் பரிமாறுகிறாள். பின்னர் ஒருவர் நாட்டுக் கொடியில் மற்றவரெல்லாம் வாழ்த்தெழுதிக் கையொப்பமிடுகின்றனர். சிரிப்பும் கண்ணீரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றன.

இவர்களை ஒன்றுசேர்ப்பது 'எராஸ்முஸ்' திட்டம். சோஃபியா கொராதி என்னும் இத்தாலியப் பெண்மணி, அமெரிக்காவில் சட்டம் பயின்று 1958-இல் நாடு திரும்பியபோது, உரோமைப் பல்கலைக்கழகம் அப்படிப்பை ஏற்க மறுத்தது. தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேரலாகாதென்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். 1987-இல் திட்டம் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் புறப்பட்டனர். அந்நாடுகளுள் சில, 1945 வரை ஒன்றையொன்று அழிக்கப் போரிட்டவை என்பதை நினைத்தால், அவற்றின் பிள்ளைகள் ஒரே சட்டியில் சமைத்துண்பது சிறிய செய்தியன்று.

திட்டத்திற்குப் பெயர் தந்த எராஸ்முஸ் ஒரு குரு. நாடு நாடாய்ச் சென்று கற்ற பேரறிஞர். 1499-இல் இங்கிலாந்து சென்ற அவர், அங்கே தாமஸ் மூரைக் கண்டு நண்பரானார். 1509-இல் மூரின் இல்லத்தில் தங்கியே 'மடமையின் புகழ்' என்னும் நூலை எழுதி, அதை அவருக்கே காணிக்கையாக்கினார். பிரிந்து வாழ்ந்த ஆண்டுகளில் அந்நட்பை மடல்களே காத்தன. 1535-இல் மூர் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். மறு ஆண்டே எராஸ்முசும் மறைந்தார். அந்த மூரைத்தான் நாம் புனிதரென வணங்குகிறோம்.

விருந்து முடிந்தபின் நட்பு என்னாகும்? பல நட்புகள் ஓரிரு ஆண்டில் வாடிவிடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாடாதவை, யாரேனும் ஒருவர் முதலில் மடல் எழுதியதால் பிழைத்தவை.

2004-இல் தொடங்கிய 'எராஸ்முஸ் முண்டுஸ்' வழியாக இந்திய மாணவரும் ஐரோப்பா செல்கின்றனர். அவ்வாறு சென்ற பிள்ளை வீடு திரும்பியபின் சின்னாள் வாட்டமுற்றிருந்தால், பெற்றோரே, "நம் வீடு கசந்துவிட்டதோ?" என்று வருந்தாதீர்கள். அயலாரை நேசிக்கக் கற்று வந்திருக்கிறது உங்கள் பிள்ளை. அந்தத் தோழர்களின் பெயர்களைக் கேளுங்கள். அவர்கள் என்றேனும் வந்தால் அமர நம் உணவு மேசையில் இடம் வையுங்கள்.