எழ மறுக்கும் அமுக்கி

கோடை முற்றிய நாள்களில் புளோரிடாவின் படகுத்துறைகளில் கடல்நீரே 30 பாகை செல்சியசைத் தொட்டு நிற்கும். அந்த நேரம் பார்த்துப் படகின் குளிரூட்டி இயங்க மறுத்தால், உள்ளறையில் உறங்க வழியில்லை. பழுது என்றதும் பலரும் கைகாட்டுவது கம்ப்ரசர் என வழங்கும் அமுக்கியை. விலை மிகுந்த உறுப்பும் அதுவே. என் கணிப்பில் கடைசியாக ஐயுற வேண்டியது அதுதான். படகுக் குளிரூட்டி இரண்டைக் கடனாகப் பெற்று வாழ்கிறது: கரையிலிருந்து மின்சாரம், கடலிலிருந்து நீர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நல்ல அமுக்கி கெட்டுவிட்டதுபோல் தோன்றும்.

முதலில் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். விளக்கும் எரியாமல் ஒலியும் எழாமல் இருந்தால், முறிப்பான் விழுந்திருக்கும், உருகி போயிருக்கும், அல்லது கம்பி கழன்றிருக்கும். அது பொறுமையாகத் தேடினால் அகப்படும். விசிறி சுழல, அமுக்கி மட்டும் சில நொடிகள் முனகிவிட்டு ‘டக்’கென்று அடங்கினால், அங்கேதான் இயற்பியலுக்கு வேலை.

இத்தகைய சிறு குளிரூட்டிகள் பெரும்பாலும் ஒருமுனை மின்சாரத்தில் ஓடுபவை. ஒருமுனை மின்சாரம் ஒரு சுருளில் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் சுழல்வதில்லை. ஒரே அச்சில் ஏறி இறங்கித் திசைமாறுகிறது, அவ்வளவே. எதிரெதிராகச் சுழலும் இரண்டு சமப் புலங்களின் கூட்டாக அதனைக் கருதலாம். நின்றிருக்கும் சுழலியை ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் ஒரே வலிமையோடு இழுக்க, அது எப்பக்கமும் திரும்பாமல் அதிர்கிறது. நாம் கேட்கும் முனகல் இந்த அதிர்வே. ஒரு பக்கம் சற்றே திரும்பிவிட்டால் அப்பக்கப் புலம் மேலோங்கிச் சுழற்சி தானாகத் தொடரும். அடம்பிடிக்கும் விசிறியானால் இறகைக் கோலால் தள்ளிவிடலாம். அமுக்கியோ எஃகுக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைத்து மூடப்பட்டது. ஆகவே தள்ளிவிடும் பணி துணைச்சுருளுக்கும் அதனோடு தொடராக இணைந்த மின்தேக்கிக்கும் உரியது. மின்தேக்கியின் செயலால் துணைச்சுருளின் மின்னோட்டம் முதன்மைச் சுருளின் மின்னோட்டத்தைவிட ஏறத்தாழக் கால் அலை முந்துகிறது. காலத்தால் மாறுபட்ட இரு மின்னோட்டங்கள், இடத்தால் மாறுபட்ட இரு சுருள்களில் பாயவே, புலம் சுழலத் தொடங்குகிறது.

எனவே முனகும் அமுக்கியில் முதலில் அளக்க வேண்டியது அந்த மின்தேக்கியை. 35 மைக்ரோபாரடு என்று பொறித்த உருளை 20 என்று காட்டினால் அதன் காலம் முடிந்தது. தலை உப்பியிருந்தால் அளக்கவும் தேவையில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். தக்க மின்தடை ஒன்றை முனைகளுக்கிடையே வைத்து வடியவிடாமல் தொடலாகாது.

மின்தேக்கி நன்றாயிருந்தும் முனகல் தொடர்ந்தால், கரை மின்சாரத்தின் மேல் கண் வைக்க வேண்டும். ஓடும்போது 10 ஆம்பியர் கொள்ளும் அமுக்கி, எழும் கணத்தில் 50 ஆம்பியர் கேட்கும். நீண்ட கம்பியிலும் களிம்பேறிய செருகியிலும் சேர்ந்து 0.3 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். ஓட்டத்தில் இழப்பு 3 வோல்ட்டு. 120 என்பது 117 ஆகும், யாருக்கும் தெரியாது. எழும் கணத்திலோ 15 வோல்ட்டு போய் 105தான் எஞ்சும். தூண்டல் மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், விசையில் முக்கால் பங்கே மிஞ்சுகிறது. அண்டைப் படகுகளெல்லாம் குளிரூட்டியை ஓட்டும் பிற்பகலில் கரையழுத்தமே தாழ்ந்திருந்தால் நிலை இன்னும் மோசம். அமுக்கி நின்றிருக்கும்போது அளந்து ‘அழுத்தம் சரி’ என்று சொல்வது பயனற்றது. அது எழ முயலும் நொடியில் மானியைப் பார்க்க வேண்டும். அந்த 0.3 ஓம் முழுதும் செருகியின் ஓர் அலகிலேயே இருந்தால், ஓட்டத்தின்போது அங்கு 30 வாட்டு வெப்பம் பிறக்கும். அது சிறியதொரு பற்றாசுக்கோலின் வெப்பம். செருகியைக் கழற்றிப் பாருங்கள்: ஓர் அலகு மட்டும் கருத்து, அதைச் சூழ்ந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும்.

பொறுமையின்மையும் ஒரு பழுதே. நின்ற அமுக்கியின் இருபுறத்துக் குளிர்பொருள் அழுத்தமும் சமனாகச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துபவர், மலையளவு அழுத்தத்தை எதிர்த்து அதனை எழச் சொல்கிறார். வெப்பக் காப்பு சுற்றைத் துண்டித்துவிடும். சூடேறிய கூடு ஆறி அது மீண்டும் இணைய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இனிக் கடல். குளிரூட்டி அறையின் வெப்பத்தைக் கடல்நீரிடம் ஒப்படைக்கிறது. அழுத்திய வளியின் சூட்டை நீரிடம் கொடுத்து, பின் அவ்வளியை விரியவிட்டுக் குளிர் பெறும் பொறிக்கு 1851இல் காப்புரிமை பெற்ற மருத்துவர் ஜான் கோரி, இதே புளோரிடாவின் அப்பலாச்சிகோலா என்னும் துறைமுக ஊரினர். படகில் 12,000 பி.டி.யு. திறனுக்கு நிமிடத்துக்கு 11 லிட்டர் அளவில் நீர் ஓட வேண்டும். அது குறைந்தால் குளிர்பொருளின் அழுத்தம் ஏறி, உயரழுத்தக் காப்பு அமுக்கியை நிறுத்தும். சில கட்டுப்பாட்டுப் பலகைகள் அதன்பின் நாமே விடுவிக்கும்வரை எழ விடுவதில்லை. படகின் வெளிப்புறத் துளையில் நீர் தாரையாக விழுகிறதா என்று எட்டிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். விழாவிட்டால் சல்லடையில் கடற்புல்லோ சொறிமீனோ அடைத்திருக்கலாம். வண்ணம் பூசக் கரையேற்றி மீண்டும் நீரில் இறக்கிய படகானால், எக்கியில் காற்று சிக்கியிருக்கும். மையவிலக்கு எக்கி காற்றை உறிஞ்சி வெளியேற்றாது. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அதன் வெளிவாய்க் குழாயைச் சற்றுத் தளர்த்தினால் காற்று சீறிப்போய் நீர் வந்து நிற்கும்.

இவை அனைத்தும் தேறிய பின்னரே அமுக்கியைத் தொட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கியை வடித்து, கம்பிகளைக் கழற்றினால் மூன்று முனைகள் தெரியும். பொதுமுனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் உள்ள தடைகளின் கூட்டு, அவ்விரண்டுக்கும் இடையிலான தடைக்கு ஒத்திருக்க வேண்டும். எந்த முனைக்கும் கூட்டுக்கும் இடையே மின்தொடர்பு இருக்கலாகாது. இருந்தால் கசிவு காட்டி முறிப்பான் விழும். அது விழுகிறதென்று மண்ணிணைப்புக் கம்பியை வெட்டிவிடுவோரும் உண்டு. அது கொலைக்கு ஒப்பான செயல். தடைகள் ஒத்து, கசிவும் இன்றி, முழு மின்னழுத்தத்தில் புதிய மின்தேக்கியோடும் எழாத அமுக்கி உள்ளே இறுகிப்போனது. அதை மாற்றத்தான் வேண்டும்.