பெலற் அடுப்பும் வீட்டுக் காற்றும்



ஊரிலே மரத்தூள் அடுப்பும் உமி அடுப்பும் எமக்குப் பழக்கமானவை. அங்கே குசினிச் சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியால் புகை தானாகவே போய்விடும். ஜேர்மனியில் நாம் குடியிருக்கும் வீடுகளோ குளிர் புகாதபடி இறுக்கி அடைக்கப்பட்டவை. 2022 இல் எரிவாயு விலை ஏறியதிலிருந்து பெலற் அடுப்பைப் பற்றி விசாரிப்போர் எம்மிடையே கூடியிருக்கின்றனர். வாங்கமுன் சில விடயங்களை ஒரு வைத்தியர் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

பெலற் என்பது மரத்தூளை உயர் அழுத்தத்தில் இறுக்கிச் செய்த சிறு குச்சிகள். இரண்டு கிலோ பெலற் ஏறக்குறைய ஒரு லீற்றர் எண்ணெயின் வெப்பத்தைத் தரும். நல்ல எரிபொருள்தான். ஆனால் நெருப்புக்குப் பயப்படும் நாம், கண்ணுக்குத் தெரியாத காபனோரொட்சைட்டு வாயுவை மறந்துவிடுகிறோம். எரிதல் முழுமையடையாதபோது உண்டாகும் இவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பிணைந்துகொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல், சோர்வு என்பன அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமல் வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் இவை வந்து, வெளியே போனதும் குறைந்தால், தடிமன் என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இந்த நஞ்சைப் பிரித்தறியாது; அது நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

2017 ஜனவரியில் பவேரியாவின் ஆர்ன்ஸ்ரைன் நகரில், தோட்ட வீடொன்றில் கூடியிருந்த ஆறு இளைஞர்கள் மின்பிறப்பாக்கியின் புகையால் இறந்தனர். அவர்களைக் கொன்றதும் இதே வாயுதான்.

நெருப்பே இல்லாத இடத்திலும் இவ்வாயு உண்டு. மரத்திலுள்ள கொழுப்பமிலங்கள் காற்றுடன் தாக்கமுறுவதால், சேமித்து வைத்த பெலற்றிலிருந்தும் அது வெளிவரும். 2010 ஜனவரியில் ஜேர்மனியில் சுமார் 155 தொன் கொள்ளும் பெலற் அறையினுள் இறங்கிய பொறியியலாளர் ஒருவரும், 2011 பெப்ரவரியில் சுவிற்சர்லாந்தில் அத்தகைய அறையொன்றினுள் சென்ற 28 வயதுக் கர்ப்பிணிப் பெண்ணும் இவ்வாறே உயிரிழந்தனர். ஆகையால் நிலவறையில் பெருந்தொகையாகச் சேமிப்போர் காற்றோட்ட வழி அமைக்கவேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்ட பின்னரே உள்ளே செல்லவேண்டும். வெளியே ஒருவர் நிற்பதும் அவசியம்.

இனி, கவனிக்கவேண்டியவை:

1. அடுப்பை வாங்கமுன் உங்கள் வட்டாரத்துச் சோர்ன்ஸ்ரைன்பேகரிடம், அதாவது புகைபோக்கிப் பரிசோதகரிடம், பேசுங்கள். உங்கள் புகைபோக்கி பொருந்துமா என்பதை அவரே சொல்லவேண்டும். பொருத்திய பின்னும் அவர் பார்த்து அத்தாட்சி தரும்வரை அடுப்பை மூட்டக்கூடாது. வாடகை வீடாயின் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியும் தேவை.

2. குசினியில் நாம் தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் புகை உறிஞ்சியைப் பலமாகப் போடுகிறோம். அது காற்றை வெளியே தள்ளும் வகையாயின், அடைத்த வீட்டில் அடுப்பின் புகையைப் புகைபோக்கியிலிருந்து அறைக்குள் இழுத்துவிடும். யன்னல் திறந்தால் மட்டுமே உறிஞ்சி இயங்கும்படி செய்யும் யன்னல் சுவிட்ச் இதற்கென உண்டு. காற்றை வடிகட்டி அறைக்கே திருப்பிவிடும் உறிஞ்சியும் உண்டு. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாயால் எடுக்கும் அடுப்புகளும் உள்ளன. எது ஏற்றது என்பதைப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

3. அடுப்பின் கீழ் எரியாத தரை வேண்டும். திரைச்சீலை, இருக்கை, காயப்போட்ட உடுப்பு ஆகியவற்றுக்கு, தயாரிப்பாளர் குறித்த தூரத்தைக் குறையாமல் விடுங்கள்.

4. புகை அறிவிப்பான் காபனோரொட்சைட்டைக் கண்டறியாது. ஈஎன் 50291 என்று குறித்த தனிக் கருவியை அடுப்புள்ள அறையிலும் படுக்கை அறையிலும் பொருத்துங்கள்.

5. சாம்பலில் தணல் நெடுநேரம் ஒளிந்திருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் இட்டு வெளியே வையுங்கள். ஆண்டுதோறும் அடுப்பைத் துப்புரவாக்கிப் பரிசோதிப்பியுங்கள்.

கருவி ஒலித்தாலோ, மேற்சொன்ன அறிகுறிகள் தோன்றினாலோ, எல்லோரும் உடனே வெளியேறி 112 ஐ அழையுங்கள். எதையும் எடுக்கவென்று திரும்பி உள்ளே போகவேண்டாம். சாதாரண காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் செல்லும். முகமூடியால் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலம் போதும். சுகமாகிவிட்டது போலத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருதய நோயாளரும் கட்டாயம் செல்லவேண்டும்.

“தெரிந்த பெடியன் சனி ஞாயிறில் பூட்டித் தருவான்” என்று மலிவாக முடிக்க எண்ணுவோர் உண்டு. பரிசோதகருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவல்ல. மொழி தடையென்று தயங்கும் முதியவர்கள் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அவரிடம் பேசலாம். மாரி தொடங்கமுன், இப்பொழுதே அதைச் செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.