அத்தையின் புதுத் தோடு

எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி என் மாமியார். பிரதிவாதி அவருடைய செல்போன்.

அத்தைக்கு வயது 74. இரவு ஒன்பது மணிக்குமேல் படுக்கையில் சாய்ந்தபடி பழைய கச்சேரி ஒன்றைக் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "பாட்டு காதில் விழுகிறது, வார்த்தைதான் விழமாட்டேன் என்கிறது" என்று குறைப்பட்டுக்கொண்டே சத்தத்தைக் கூட்டுவார். கூட்டிய மறு நிமிஷம் பக்கத்து ஃபிளாட்டில் கைக்குழந்தை வீரிட்டு அழும். அந்தக் குழந்தையின் தாய் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

கல்லூரியில் படிக்கும் என் பெண்தான் தீர்ப்புச் சொன்னாள். "பாட்டிக்கு ஒரு இயர்போன் வாங்கிவிடலாம் அம்மா. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அவரவர் காதுக்குத் தகுந்தபடி நாதத்தை மாற்றிக்கொள்ளலாம்."

"காதில் தோடு போட்டது போதாதென்று காதுக்குள்ளேயும் ஒரு தோடா?" என்று சிரித்தார் அத்தை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு நாளில் பெட்டி வந்தது. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. இது விளம்பரம் அல்ல. பார்வைக்குக் கறுத்த நாவற்பழம் இரண்டைக் கம்பியில் கோத்தாற்போல் இருந்தது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சீரகம் போல நாலு சுவிட்சுகள். அவற்றைத் தள்ளுவதற்கு ஓர் ஊசி. தனியாக ஒரு பொட்டலத்தில் சிறிதும் பெரிதுமாக ரப்பர் குமிழ்கள்.

இந்தக் கருவிக்கும் அடுப்பங்கரைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர், காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளைத் தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்து, 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். இன்று குறைந்த விலை இயர்போன்களுக்குப் பெயர் போன இடம் சீனாவின் ஷென்சென் வட்டாரம். அவற்றில் நாதத்தை மாற்ற மூன்று வழிகள் உண்டு. கே.இஸட். கம்பெனியின் காஸ்டர் போன்றவற்றில் சுவிட்சுகள் இருக்கின்றன. டி.ஆர்.என். கம்பெனியின் காஞ்ச் போன்றவற்றில் ஒலி வெளிவரும் மூக்கையே கழற்றி வேறு மூக்கு மாட்டலாம். மூன்றாவது வழி, செல்போன் திரையிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்வது.

நாலு சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்தால் 16 விதம் வரும். பதினாறும் பதினாறு ருசியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பலவற்றுக்கு நடுவே வித்தியாசம், சாம்பாரில் ஒரு கல் உப்புக் கூடினதற்கும் கூடாததற்கும் உள்ள வித்தியாசந்தான்!

உப்பு, புளி, காரம்

இளம் வயதில் நம் காதுக்கு எட்டுவது விநாடிக்கு 20 அதிர்வுகளிலிருந்து 20,000 அதிர்வுகள் வரை. அதை மூன்று பங்காக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கனத்த ஒலிகள்: மிருதங்கத்தின் தொப்பி, சினிமாப் பாட்டில் வரும் பேஸ் கிடார். நடுவில் மனிதக் குரல், வீணை, வயலின். மேலே மெல்லிய, கூர்மையான ஒலிகள்: ஜாலராவின் கிணுகிணுப்பு, 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துக்களின் உரசல்.

நம் காதுத் துவாரம் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல். புல்லாங்குழலைப் போல அதற்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. விநாடிக்கு ஏறக்குறைய 3,000 அதிர்வுகள். அந்த இடத்து ஒலிகளைக் காது தானாகவே தூக்கிக் கொடுக்கும். பேச்சின் தெளிவு பெரும்பாலும் அந்த அண்டையில்தான் இருக்கிறது. துவாரத்தை இயர்போனால் அடைத்துவிட்டால் இந்த இயற்கைச் சலுகை மாறிவிடுகிறது. ஆகவே செய்கிறவர்களே அந்தப் பகுதியை உயர்த்தி வைக்கிறார்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. சுவிட்சுகள் அந்தப் பக்குவத்தில் கொஞ்சத்தை நம் கையில் கொடுக்கின்றன.

முறுக்குப் பரீட்சை

முதல் நாள் இரவு அத்தை போட்டுக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் கழற்றிவிட்டார். "மிருதங்கமா இது? தகர டப்பா!" என்றார்.

குற்றம் சுவிட்சில் இல்லை. ரப்பர் குமிழில் இருந்தது. குமிழ் சின்னதாக இருந்து காதோடு ஒட்டாவிட்டால் கனத்த ஒலிகள் இடுக்கு வழியே ஓடிவிடும். அப்போது எந்த சுவிட்சைத் தள்ளியும் பயன் இல்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற கதைதான். காது மடலைச் சற்று மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பெரிய குமிழைப் பொருத்தினோம்.

சரியாகப் பொருந்தியதா என்று அறிய ஒரு சுலபமான வழி. பாட்டை நிறுத்திவிட்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். மண்டைக்குள் இடி இடித்தால் பொருத்தம் சரி. அத்தை கடித்தார், திடுக்கிட்டார், பிறகு மிருதங்கத்தை ஒப்புக்கொண்டார்.

நோட்டுப் புத்தகமும் சுப்ரபாதமும்

மறு நாள் சுவிட்சுகளுக்கு வந்தோம். அத்தை, "எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடு, காசு கொடுத்து வாங்கியிருக்கிறோமே!" என்றார். அங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். சுவிட்சை மாற்றும்போது சத்தமும் சற்றுக் கூடிவிடுவதுண்டு. சத்தம் கூடினாலே காதுக்கு அது உசத்தி என்று தோன்றிவிடும். மெல்ல வைத்துக் கேட்கும்போது கனத்த ஒலிகள் அதிகமாக மங்கிப்போகின்றன என்பதை அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் செல்போனில் சத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

என் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தாள். எல்லாச் சுவிட்சும் கீழே இருக்க ஆரம்பம். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுவது; வலது, இடது இரண்டிலும் ஒரே மாதிரி மாற்றுவது; கேட்பது ஒரே பாட்டு. பாட்டும் நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும். 1963-ல் இசைத்தட்டாக வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொண்டோம். அதில் கூடப் பாடுகிறவர் ராதா விஸ்வநாதன். இரண்டு குரல்களும் ஒட்டியே செல்லும். கருவி சரியாக இருந்தால் ஒன்றின் நிழலாக மற்றொன்று தனியே தெரியும். பின்னால் தம்பூரா அறாமல் ஓடும். கனம் மிஞ்சினால் இரண்டு குரலும் ஒன்றாகிக் குழம்பும். கூர்மை மிஞ்சினால் 'ஸ' வருகிற இடமெல்லாம் ஊசி குத்தும். கனத்த ஒலிகளைச் சோதிக்க 'ரோஜா' (1992) படத்துப் பாட்டுக்கள் போதும்.

மிகப் பழைய கிராமபோன் தட்டுப் பதிவுகளை வைத்துக் கருவியை எடை போட வேண்டாம். அவற்றில் அடிக்கோடியும் மேல்கோடியும் சரியாகப் பதிவாகவே இல்லை. இல்லாததை எந்த சுவிட்சும் கொண்டுவராது. கூர்மையைக் கூட்டினால் கீறல் சத்தந்தான் கூடும்.

அரை மணி நேரத்தில் அத்தையின் முகம் மலர்ந்தது. மேல் ஒலிக்கான இரண்டு சுவிட்சுகளும் மேலே, மற்றவை கீழே. "இப்போது வார்த்தை தெரிகிறது!" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "வலது பக்கம் பேஷாக இருக்கிறது. இடது பக்கந்தான் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது" என்றார்.

குற்றம் யார்மேல்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மலிவுச் சரக்கு என்றால் இப்படித்தான். திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன்.

"இரு அம்மா" என்றாள் பெண். இடது குமிழை வலக் காதிலும் வலது குமிழை இடக் காதிலும் மாற்றி வைத்தாள். கோணலாகத்தான் உட்கார்ந்தன, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இப்போது பாட்டி?"

"இப்போதும் இடது பக்கந்தான் மந்தம்."

நான் வாங்கி என் காதில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. கருவியில் கோளாறு இருந்தால், குமிழை மாற்றும்போது கோளாறும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

யாரும் பேசவில்லை. அத்தைதான் மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகவே இப்படித்தான். சொன்னால் கிழவிக்குக் காது போய்விட்டது என்பீர்கள். டாக்டர், மருந்து என்று செலவு வேறு."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பாதபோது, "காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்" என்று எத்தனை தடவை முணுமுணுத்திருக்கிறேன்! டெலிபோனை எப்போதும் வலக் காதிலேயே வைத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தும் ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா?

மறு நாளே காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். இடக் காதில் குறும்பி கல்லாக இறுகிக் கிடந்தது. பஞ்சுக் குச்சியால் குடையக் குடைய அது உள்ளேதான் போயிருக்கிறது. டாக்டர் பக்குவமாக எடுத்துவிட்டார். பிறகு செவித்திறனை அளந்து வரைபடம் ஒன்று கொடுத்தார். இரண்டு காதிலும் மேல் ஒலிகள் கொஞ்சம் குறைந்திருந்தன. வயதின் குறைவு மேல் ஒலியில்தான் முதலில் தலைகாட்டும். உயிர் எழுத்துக்களின் நாதம் காதில் விழும். மெய்யெழுத்துக்களின் உரசல் நழுவிவிடும். 'பாட்டு விழுகிறது, வார்த்தை விழவில்லை' என்று அத்தை சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"இயர்போன் பாட்டுக் கேட்கத்தான், செவிக் கருவிக்கு அது பதில் ஆகாது" என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்றார். நீங்களும் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகிப் போனால் நாள் கடத்தக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அத்தை பழையபடி இயர்போனைப் போட்டார். "ஐயோ, கூச்சல்!" என்று உடனே கழற்றினார். நேற்றுப் பிரமாதமாக இருந்த அதே சுவிட்சு அமைப்புத்தான். ஒன்றைக் கீழே இறக்கின பிறகே சரியாயிற்று. பதினாறில் எது நல்லது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், "யாருடைய காதுக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு

சுவிட்சு அதிகம் என்பதற்காக வாங்காதீர்கள். எல்லாம் கீழே இருக்கும்போதே குரல் இயல்பாக ஒலிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுவிட்சு நல்லதைச் செப்பனிடும், கெட்டதை நல்லதாக்காது. அரை மணி காதில் வைத்தும் வலிக்காமல் இருக்க வேண்டும். கம்பியைத் தனியே கழற்றி மாற்ற முடியுமானால் நல்லது. முதலில் கெடுவது கம்பிதான். உங்கள் செல்போனில் வட்டத் துளை இருக்கிறதா, சார்ஜ் போடும் துளை மட்டுந்தானா என்று பார்த்து அதற்கேற்ற செருகி வாங்குங்கள்.

சத்த விஷயத்தில் வீட்டில் இளசுகள் இருந்தால் கண்டிப்பு அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரந்தான். குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு: 75 டெசிபல், 40 மணி. செல்போனில் சத்தம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நாதம் சரியாக அமைந்துவிட்டால் சத்தம் அதிகம் தேவைப்படாது. அத்தை இப்போது முன்னைவிடக் குறைத்து வைத்துக்கொண்டே கேட்கிறார்.

இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு வார்த்தையையும் கூடவே பாடிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு அசௌகரியம் உண்டு. முந்தா நாள் சமையலறையில் நானும் அவரும் மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது:

"பட்டுப் புடவை தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம் அம்மா. இப்போது என்ன அவசரம்?"